ஆழ்கடல் இல்லை, கரைதான் ஆபத்து: பாய்மரப் படகில் பசிபிக் தீவுகள்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாற்றாமல், படிக்க வசதியாகச் சில இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)



யூடியூப்ல இந்த மாதிரி வீடியோ கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ஒரு ஜோடி. வேலையை விட்டுட்டு, வீட்டை வித்துட்டு, 40 அடி நீளத்துல ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கியிருப்பாங்க. பச்சையும் நீலமும் கலந்த தண்ணி, பின்னாடி தென்னை மரம், படகோட முன்பக்கத்துல உட்கார்ந்து இளநீர் குடிச்சிட்டு இருப்பாங்க. மறுநாள் காலையில ஆபீஸ் மீட்டிங் வச்சுக்கிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு நாம அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோம்.

அந்த வீடியோவைப் பார்க்கிற யாருக்கும் ஒரு கேள்வி வரும்: "நடுக்கடல்ல, ராத்திரியில, பயமா இருக்காதா?" நியாயமான கேள்விதான். சுத்தி ஆயிரம் கிலோமீட்டருக்குக் கரையே இல்லை. கீழே நாலு கிலோமீட்டர் ஆழம். பயம் வரத்தானே செய்யும்?

ஆனா வருஷக்கணக்கா படகில் வாழ்றவங்களுக்கு அதிகமாகத் தூக்கம் கெடுறது நடுக்கடல்ல இல்லை. கரை பக்கத்துல வரும்போதுதான். வீடியோவில் சொர்க்கம் மாதிரி தெரியுற அந்தத் தென்னை மரக் கரைதான் படகுக்குப் பெரிய எதிரி. ஏன் அப்படி? இந்த எபிசோடில் அந்த ஒரு விஷயத்தைத்தான் பார்க்கப் போறோம். அது புரிஞ்சா, இந்த வாழ்க்கை உண்மையில எப்படி நடக்குதுன்னும் புரிஞ்சிடும்.

மூணு படகை இழந்த மனுஷன்

பெர்னார் முவாத்தெசியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர். 1925ல் வியட்நாமின் ஹனோய் நகரத்தில் பிறந்தவர். பாய்மரப் படகு உலகத்தில் இவர் பெயர் தெரியாதவங்க குறைவு. காரணம், 1968ல் நடந்த கோல்டன் குளோப் போட்டி. தனி ஆளா, எங்கேயும் நிறுத்தாம, உலகத்தைச் சுத்தி வரணும். முவாத்தெசியே தென் அமெரிக்காவின் கேப் ஹார்ன் முனையைத் தாண்டிட்டார். ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருந்தது. வடக்கே திரும்பி இங்கிலாந்து போகவேண்டிய நேரத்தில், அவர் திரும்பலை. போட்டியை விட்டுட்டு நேரா கிழக்கே போய்க்கிட்டே இருந்தார். ஆப்பிரிக்காவின் தென்முனையை ரெண்டாவது தடவை தாண்டி, இந்தியப் பெருங்கடலைத் தாண்டி, கடைசியில் 1969 ஜூன் மாதம் பசிபிக்கில் இருக்கிற தஹிதித் தீவில் போய் நின்னார். பத்து மாசம் கடல்ல, தனியா.

(அந்தப் போட்டியை முடிச்ச ஒரே ஆள் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவர் ஓட்டின 'சுஹைலி' கட்டப்பட்டது நம்ம பம்பாயில்.)

இப்போ கேள்வி. உலகத்திலேயே மோசமான கடல்களில் பத்து மாசம் தாக்குப்பிடிச்ச இந்த மனுஷன், தன் வாழ்க்கையில் மூணு படகை இழந்திருக்கார். எங்கே?

முதல் படகு, 1952ல், இந்தியப் பெருங்கடலில் டியேகோ கார்சியாத் தீவின் பவளப் பாறையில் மோதி நொறுங்கியது. அப்போ ஜி.பி.எஸ் கிடையாது. தீர்க்கரேகையைக் கணக்குப் போடத் துல்லியமான கடிகாரம் வேணும், அது அவரிடம் இல்லை. கரை எவ்வளவு பக்கத்தில் இருக்குன்னு அவருக்குத் தெரியலை.

ரெண்டாவது படகு, 1958ல், கரீபியனில் செயின்ட் வின்சென்ட் தீவின் கரையில். களைச்சுப்போய்த் தூங்கிட்டார். படகு கரையேறிடுச்சு.

மூணாவது, அவரோட புகழ்பெற்ற 'ஜோஷுவா'. எந்தப் படகில் உலகத்தை ஒன்றரைச் சுத்து சுத்தினாரோ, அதே இரும்புப் படகு. 1982 டிசம்பரில், மெக்சிகோவின் காபோ சான் லூகாஸ் விரிகுடாவில் நங்கூரம் போட்டு நின்னுக்கிட்டு இருந்தது. சுத்தி நிறைய படகுகள். வழக்கமா அங்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும், அதனால பாதுகாப்பான இடம். அன்னைக்கு ராத்திரி புயல் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து, கடலிலிருந்து கரையை நோக்கி அடிச்சது. விடியும்போது இருபதுக்கும் மேற்பட்ட படகுகள் மணலில் கிடந்தன. அதில் ஜோஷுவாவும் ஒண்ணு.

மூணு படகு, மூணும் கரையில. நடுக்கடலில் ஒண்ணுகூட இல்லை.

ஆழம் ஏன் பாதுகாப்பு?

இதுக்குப் பின்னாடி எளிமையான இயற்பியல் இருக்கு. ஆழமான கடல்ல அலைன்னா தண்ணி பயணம் பண்றது இல்லை. தண்ணி ஏறி இறங்குது, சக்திதான் பயணம் பண்ணுது. ஒரு மூணு மீட்டர் அலை வந்தா, படகை மெதுவாத் தூக்கும், மெதுவா இறக்கும், கடந்து போயிடும். அதே அலை ஆழம் குறைஞ்ச இடத்துக்கு வரும்போது அடிப்பகுதி தரையில் உரசி வேகம் குறையும். பின்னாடி வர்ற தண்ணி மேல ஏறும். அலை செங்குத்தாகி உடையும். உடையுற அலைதான் படகை உடைக்கும்.

இது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்னைக்கு ஆழ்கடலில் மீன் பிடிச்சிட்டிருந்தவங்க காலடியில் சுனாமி கடந்துபோனது அவங்களுக்குத் தெரியவே இல்லை. கரைக்குத் திரும்பினப்போதான் என்ன நடந்திருக்குன்னு பார்த்தாங்க.

இன்னொரு காரணம், நேரம். ஆழ்கடலில் ஏதாவது தப்பானா, அதைச் சரி பண்ண மணிக்கணக்கா நேரம் கிடைக்கும். பாய் கிழிஞ்சாலும் எஞ்சின் நின்னாலும், படகு மிதந்துக்கிட்டே இருக்கும், மோத எதுவும் இல்லை. கரையிலிருந்து 200 மீட்டரில் எஞ்சின் நின்னா, உங்களுக்கு இருக்கிறது சில நிமிஷம்.

ஆழ்கடலில் ஆபத்தே இல்லைன்னு சொல்லலை. ராத்திரியில் தனியா படகிலிருந்து தவறி விழுந்தா, கிடைக்கிறது கஷ்டம். அதனாலதான் இருட்டினா பெல்ட் கட்டி, கயிற்றைப் படகோட மாட்டிக்காம யாரும் மேல்தளத்துக்கு வரக்கூடாதுன்னு பல படகுகளில் கண்டிப்பான விதி இருக்கு. ஆனா அங்கே ஆபத்தை ஒரு பழக்கத்தால் கட்டுப்படுத்தலாம். கரையில ஒவ்வொரு இடமும் புதுசு.

தேங்காய்ப்பால் பாதை

சரி, வழியைப் பார்ப்போம். வெப்பமண்டலத் தீவுகளைப் பாய்மரப் படகில் சுத்துறவங்களுக்கு உலகத்திலேயே பெரிய கனவு, தென் பசிபிக். பனாமாக் கால்வாயைத் தாண்டி, கலாபகஸ், அங்கிருந்து மார்க்கெசாஸ், துவாமோத்து, தஹிதி, தோங்கா, பிஜின்னு மேற்கே போற வழி. இதுக்குச் செல்லப் பெயர் 'தேங்காய்ப்பால் பாதை'. அவ்வளவு சுலபமா வழுக்கிட்டுப் போகும்னு அர்த்தம்.

சுலபத்துக்குக் காரணம், ஸ்கூல் புவியியல் புத்தகத்தில் படிச்ச வியாபாரக் காற்று. பூமத்திய ரேகைப் பக்கம் சூடான காற்று மேலே எழும்புது. அந்த இடத்தை நிரப்ப ரெண்டு பக்கத்திலிருந்தும் காற்று ஓடி வருது. பூமி சுத்துறதால அது வளைஞ்சு, தென் அரைக்கோளத்தில் தென்கிழக்கிலிருந்து வடமேற்கா வீசுது. மேற்கே போற படகுக்கு முதுகுப் பக்கத்திலிருந்து தள்ளுற மாதிரி.

இந்தப் பாதையில் நீளமான துண்டு, கலாபகஸிலிருந்து மார்க்கெசாஸ் வரைக்கும். ஏறக்குறைய 3,000 கடல் மைல், அதாவது 5,500 கிலோமீட்டருக்கு மேல. ஒரு சாதாரண படகு மணிக்கு 5, 6 கடல் மைல் போகும். சைக்கிளில் நிதானமா போற வேகம்னு வச்சுக்கோங்க. ராத்திரி பகலா போனா மூணு வாரத்திலிருந்து நாலு வாரம். நடுவில் ஒரு தீவு கிடையாது.

ரெண்டு பேர் இருக்கிற படகில் மூணு மணி நேரம் ஒருத்தர் முழிச்சிருப்பார், மூணு மணி நேரம் அடுத்தவர். சுக்கானை யாரும் கையில பிடிச்சிட்டே இருக்கிறதில்லை. காற்றின் திசையை வச்சே சுக்கானைத் திருப்பிக்கிற கருவி இருக்கு. முழிச்சிருக்கிறவரோட வேலை, வேற கப்பல் வருதான்னு பார்க்கிறது, மழை மேகம் வந்தா பாயைச் சுருக்குறது. காலையில மேல்தளத்தில் பறக்கும் மீன் செத்துக் கிடக்கும், அதை எடுத்துப் போடணும். முதல் மூணு நாள் வாந்தி, தலைசுத்தல். அதுக்கப்புறம் உடம்பு பழகிடும். நிறைய பேருக்கு இந்த மூணு வாரம்தான் வாழ்க்கையிலேயே நிம்மதியான மூணு வாரம்.

பதற்றம் ஆரம்பிக்கிறது, திரையில் "இன்னும் 100 மைல்"னு காட்டும்போது.

வந்தும் வெளியே காத்திருக்கணும்

இருபத்தஞ்சு நாள் கழிச்சுத் தீவு தெரியுது. மணி சாயங்காலம் ஆறு. வெப்பமண்டலத்தில் அந்தி நீளாது, சூரியன் விழுந்தா கொஞ்ச நேரத்திலேயே இருட்டிடும். மண் வாசனை வருது. உள்ளே போய் நங்கூரம் போட்டா முழு ராத்திரி தூங்கலாம், குளிக்கலாம், தரையில் நடக்கலாம். என்ன பண்ணுவீங்க?

அனுபவம் உள்ளவங்க உள்ளே போக மாட்டாங்க. பாயைச் சுருக்கிப் படகை ஏறக்குறைய நிறுத்தி, விடியுற வரைக்கும் வெளியே காத்திருப்பாங்க. இன்னும் அனுபவசாலிங்க, ரெண்டு நாள் முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, காலையில வந்து சேர்ற மாதிரி கணக்குப் போட்டுடுவாங்க.

"ஜி.பி.எஸ் இருக்கே, மேப் இருக்கே?"ன்னு கேட்கலாம். 2014 நவம்பர் 29ல் நடந்ததைக் கேளுங்க. வால்வோ ஓஷன் ரேஸ், உலகத்தின் பெரிய படகுப் போட்டிகளில் ஒண்ணு. கேப் டவுனிலிருந்து அபுதாபி போற வழியில், 'வெஸ்தாஸ் விண்ட்' அணியின் படகு மொரீஷியசுக்கு வடகிழக்கே இருக்கிற கார்காடோஸ் கராஜோஸ் பவளத் திட்டில் ராத்திரி நேரத்தில் முழு வேகத்தில் போய் ஏறிடுச்சு. தேர்ந்த மாலுமிகள். விலை உயர்ந்த கருவிகள். ஆனா மின்னணு வரைபடத்தை ஸூம் பண்ணிப் பார்க்காதப்போ அந்தப் பாறைத் திட்டு திரையில் சரியாத் தெரியலை. ஒன்பது பேரும் உயிர் தப்பினது பெரிய விஷயம்.

நம்ம போன் மேப்பில் தெரு பெயர் ஸூம் பண்ணாத்தான் தெரியும் இல்லையா? அதேதான். இங்கே மறைஞ்சிருந்தது தெரு இல்லை, பாறை.

வளையத்துக்குள் நுழையுறது

மார்க்கெசாஸ் தீவுகள் எரிமலைத் தீவுகள். உயரமா நிக்கும், தூரத்திலேயே தெரியும். அடுத்து வர்ற துவாமோத்து அப்படி இல்லை. அந்தக் காலத்து மாலுமிகள் அதுக்கு வச்ச பெயரே 'ஆபத்தான தீவுக்கூட்டம்'.

அங்கே எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகள், ஏறக்குறைய எல்லாமே பவள வளையங்கள். அது உருவான விதத்தை முதலில் சரியா விளக்கினவர் சார்லஸ் டார்வின், 1842ல். கடலில் ஒரு எரிமலை எழும்புது. அதைச் சுத்திக் கரையோரமா பவளம் வளருது. எரிமலை மெல்ல மெல்ல கடலுக்குள் அமிழ்ந்து போகுது. பவளத்துக்கு வெளிச்சம் வேணும், அதனால அது மேல மேல வளர்ந்துக்கிட்டே இருக்கு. கடைசியில் மலை காணாமப் போயிடும், சுத்தி இருந்த வளையம் மட்டும் மிச்சம். நடுவில் அமைதியான காயல்.

வளையத்தோட உயரம் சில மீட்டர்தான். தூரத்திலிருந்து பார்த்தா தென்னை மரத்தோட தலை மட்டும் தண்ணிக்கு மேல மிதக்குற மாதிரி இருக்கும். ஆனா அளவு சின்னது இல்லை. ரங்கிரோவாங்கிற வளையத்தோட நீளம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர்.

உள்ளே போக, வளையத்தில் ஒண்ணோ ரெண்டோ இடைவெளி இருக்கும். இங்கேதான் சிக்கல். வெளியே பெரிய அலைகள் வளையத்தைத் தாண்டி உள்ளே தண்ணியைக் கொட்டிக்கிட்டே இருக்கும். அந்த அவ்வளவு தண்ணியும் வெளியே போக வழி, அந்தச் சின்ன இடைவெளிதான். ஒரு பெரிய தொட்டிக்கு ஒரே ஒரு ஓட்டை இருந்தா எப்படி இருக்கும்? தண்ணி ஆறு மாதிரி பாயும். சில நேரம் நீரோட்டம் 6 நாட் வேகத்தையும் தாண்டும். பாய்மரப் படகோட எஞ்சின் முழு மூச்சில் தர்றதே 6, 7 நாட்தான். கணக்கு நேர்.

அதோட, வெளியே பாயுற தண்ணியும் எதிரே வர்ற காற்றும் முட்டிக்கிற இடத்தில் செங்குத்தா அலைகள் எழும்பி நிக்கும். அதனால கடல் ஏறி இறங்குற நேரம் பார்த்து, நீரோட்டம் கொஞ்ச நேரம் அடங்குற சமயத்தில் நுழையணும். தெற்கிலிருந்து பெரிய அலை ரெண்டு நாளா அடிச்சிட்டிருந்தா, அந்த அடங்குற நேரமே வராம போகலாம். அப்போ என்ன பண்றது? நுழையாம, அடுத்த தீவுக்குப் போயிடணும். ஆசைப்பட்ட இடத்தைப் பார்த்துட்டுத் திரும்பிப் போறது. இந்த வாழ்க்கையில் கத்துக்க வேண்டிய முதல் திறமை இதுதான்.

உள்ளே போன பிறகும் வேலை முடியலை. காயலுக்குள் பவளத் திட்டுகள் தண்ணிக்கடியிலிருந்து தூண் மாதிரி எழும்பி நிக்கும். சுத்தி 20 மீட்டர் ஆழம், நடுவில் ஒரு தூண் மட்டும் தண்ணி மட்டத்துக்கு ஒரு அடி கீழே. படகோட அடியில் இருக்கிற கீல் ரெண்டு மீட்டர் ஆழத்துக்குத் தொங்கிட்டிருக்கும். ஒருத்தர் படகின் முன்பக்கத்தில், நம்ம மீனவர்கள் அணியம்னு சொல்ற இடத்தில், நிக்கணும். கண்ணுல போலரைஸ்டு கண்ணாடி. சூரியன் உச்சியில் அல்லது முதுகுப் பக்கம் இருக்கணும், எதிரே இருந்தா தண்ணி வெறும் கண்ணாடி. கருநீலம்னா ஆழம். வெளிர்பச்சைன்னா மணல், ஆழம் குறைவு. பழுப்புன்னா பவளம், திரும்பு. மேகம் சூரியனை மறைச்சா, அது விலகுற வரைக்கும் நிக்கணும்.

நங்கூரத்தில் தொங்குற வாழ்க்கை

படகில் வாழ்றவங்க தங்கள் நேரத்தில் பெரும்பகுதியை எங்கே கழிக்கிறாங்க? பயணத்தில் இல்லை. நங்கூரம் போட்டு நிக்கிறதில்தான். அதனால நங்கூரம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கணும்.

நிறைய பேர் நினைக்கிறது, நங்கூரம் கனமா இருக்கு, அதனால படகு நகராதுன்னு. அப்படி இல்லை. 12 மீட்டர் படகு, எடை 10 டன் இருக்கலாம். அதோட நங்கூரம் 25 கிலோ. எடையால பிடிக்கவே முடியாது. நங்கூரம் ஏர் மாதிரி மணலுக்குள் புதையணும். புதையணும்னா அதை மேலே தூக்குற மாதிரி இழுக்கக்கூடாது, தரையோட ஒட்டிப் படுக்கையா இழுக்கணும். அதுக்குத்தான் நீளமான சங்கிலி. 8 மீட்டர் ஆழம், தண்ணிக்கு மேல படகோட உயரம் ஒன்றரை மீட்டர். மொத்தத்தை ஐந்தால் பெருக்கி, ஏறக்குறைய 50 மீட்டர் சங்கிலி விடுவாங்க. காற்று அதிகமாகும்னா இன்னும் கூட.

அப்புறம் எஞ்சினைப் பின்பக்கம் ஓட்டி இழுத்துப் பார்ப்பாங்க. அதுவும் போதாதுன்னு, முகமூடி மாட்டிக் குதிச்சு, நங்கூரம் நிஜமாவே புதைஞ்சிருக்கான்னு கண்ணால பார்ப்பாங்க. பவளத் திட்டுகள் இருக்கிற இடத்தில், காற்று திரும்பத் திரும்பச் சங்கிலி பாறையைச் சுத்திக்கும். பவளத்துக்கும் கேடு, படகுக்கும் கேடு. அதனால முத்துப் பண்ணைகளில் இருந்து அறுந்து கரையொதுங்கின மிதவைகளைச் சங்கிலியில் அங்கங்கே கட்டி, அது தரையைத் தொடாம மிதக்க விடுற பழக்கம் துவாமோத்துவில் இருக்கு.

இப்போ ராத்திரி ரெண்டு மணின்னு வச்சுக்கோங்க. கிழக்கே தீவு, அதனால கிழக்குக் காற்றுக்குப் படகு பத்திரமா இருக்கு, தண்ணி தட்டு மாதிரி கிடக்கு. திடீர்னு ஒரு மழை மேகம். காற்று மேற்கே திரும்புது. இப்போ 40 கிலோமீட்டர் அகலமான காயல் முழுக்க ஓடி வர்ற அலை நேரா உங்க மேல. உங்களுக்குப் பின்னாடி, 60, 70 மீட்டரில், பவளக் கரை. சாயங்காலம் இளநீர் குடிச்சிட்டுப் போட்டோ எடுத்த அதே கரை. போனில் நங்கூர அலாரம் கத்துது: படகு வட்டத்தை விட்டு நகருது.

அந்த நேரத்தில் செய்யக்கூடியது ரொம்பக் குறைவு. எஞ்சினைப் போட்டுக் காற்றுக்கு எதிரா ஓட்டிச் சங்கிலியின் பாரத்தைக் குறைக்கலாம். இருட்டில் கிளம்பிப் போக முடியாது, சுத்தி பவளத் தூண்கள். ஆக, அந்த ராத்திரியோட முடிவு, நேத்து பகல்ல நீங்க எங்கே, எவ்வளவு கவனமா நங்கூரம் போட்டீங்கங்கிறதில்தான் இருக்கு. காபோ சான் லூகாஸில் நடந்ததும் இதுதான். முவாத்தெசியேவுக்குப் படகு ஓட்டத் தெரியாமலா போச்சு?

காலண்டர்தான் வில்லன்

அப்படின்னா பொறுமையா இருந்தா போதுமே, ஏன் விபத்து நடக்குது? ஏன்னா பொறுமைக்கும் செலவு இருக்கு.

முதல் செலவு, தண்ணி. இந்திய நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தரணும்னு அரசு நெறிமுறை. ஒரு படகோட தொட்டி மொத்தமே 300, 400 லிட்டர். அதை வச்சு ரெண்டு பேர் ஒரு மாசக் கடல் பயணத்தைச் சமாளிக்கணும். பாத்திரம் உப்புத் தண்ணியில், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணியில். கடல் தண்ணியைக் குடிநீராக்குற மெஷின் இப்போ நிறைய படகில் இருக்கு. ஆனா அதுக்குக் கரண்ட் வேணும், கரண்டுக்கு வெயில் வேணும், மெஷின் ரிப்பேர் ஆகாம இருக்கணும்.

ரெண்டாவது, சாப்பாடு. மீன் பிடிச்சுச் சாப்பிட்டுக்கலாம்னு நினைப்போம். நடுக்கடலில் பிடிக்கிற சூரை மீனில் பிரச்சினை இல்லை. பவளப் பாறை மீனில் சிகுவாத்தேராங்கிற நோயைத் தர்ற நஞ்சு இருக்கலாம். பாறையில் வளர்ற நுண்ணுயிர் ஒண்ணிலிருந்து வருது. அதோட அறிவியல் பெயரே பிரெஞ்சு பாலினேசியாவின் காம்பியே தீவுகளை வச்சுத்தான். சமைச்சாலும் போகாது, ருசியிலும் தெரியாது. எந்தத் தீவில் எந்தப் பக்கத்து மீனைச் சாப்பிடலாம்னு ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியும், அவங்ககிட்ட கேட்கணும். கவனிச்சீங்களா? மீன் விஷயத்திலும் ஆழ்கடல் பத்திரம், கரைதான் சந்தேகம்.

மூணாவது, விசா. பிரெஞ்சு பாலினேசியாவில் நூத்துக்கும் மேற்பட்ட தீவுகள், மேற்கு ஐரோப்பா அளவுக்குப் பரந்து கிடக்கு. பல நாட்டவர்களுக்கு அங்கே இருக்கக் கிடைக்கிறது 90 நாள்.

நாலாவது, புயல். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அதுக்குள்ள தெற்கே நியூசிலாந்துக்குப் போகணும், இல்லைன்னா புயல் உருவாகாத பூமத்திய ரேகைப் பக்கம் போகணும். பிஜியில் இன்னொரு வழியும் இருக்கு: தரையில் குழி வெட்டி, கீலை அதுக்குள் இறக்கி, படகைக் கரையிலேயே பாதி புதைச்சு வைக்கிறது. பாதுகாப்பா இருக்க, படகையே நட்டு வைக்க வேண்டியிருக்கு. இதெல்லாம் மிகை இல்லை. 2016 பிப்ரவரியில் பிஜியைத் தாக்கிய வின்ஸ்டன் புயலில் 44 பேர் இறந்தாங்க.

இதுக்கு மேல, ஊரிலிருந்து ஒரு நண்பர் பிளைட்டில் தஹிதி வர்றார், லீவ் பத்து நாள்தான். அவரை ஏமாத்தக்கூடாதுன்னு, காற்று சரியில்லாத நாளில் கிளம்புறாங்க. இருட்டில் உள்ளே நுழையுறாங்க. நிறைய விபத்துக் கதைகளைத் தோண்டிப் பார்த்தா அடியில் இப்படி ஒரு தேதி இருக்கும். அதனால படகுக்காரங்க விருந்தாளிகளுக்குச் சொல்ற ஒரு விதி உண்டு: இடத்தைக் கேட்டா இடம் சொல்றோம், தேதியைக் கேட்டா தேதி சொல்றோம், ரெண்டையும் சேர்த்துக் கேட்காதீங்க.

அப்போ இது சுதந்திரமா?

வேலையை விட்டுட்டுப் போறதால, இஷ்டத்துக்கு எங்கே வேணும்னாலும் போகலாம்னு நினைக்கிறோம். ஆனா வருஷத்தில் எந்த மாசம் எந்தக் கடலில் இருக்கணும்னு காற்று முடிவு பண்ணுது. எந்த மணிக்கு உள்ளே நுழையணும்னு நீரோட்டம் முடிவு பண்ணுது. மேனேஜர் மாறியிருக்கார், அவ்வளவுதான். ஒரே வித்தியாசம், இந்த மேனேஜரிடம் சமாளிச்சுப் பேச முடியாது. உங்க தயாரிப்பு சரியா இருந்ததா இல்லையான்னு மட்டும் பார்ப்பார்.

இதை விரும்பிப் போறவங்க சொல்றதும் அதுதான். எவ்வளவு தண்ணி செலவாச்சு, எவ்வளவு கரண்ட் மிச்சம், காற்று எந்தப் பக்கம்னு ஒவ்வொரு நாளும் தெரிஞ்சு வாழ்றது ஒரு தெளிவு தருதாம். அதுக்காகவே திரும்பத் திரும்பப் போறாங்க.

ஜோஷுவாவுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லலையே. இரும்பு உடம்பு, அதனால நொறுங்கலை. ஆனா முவாத்தெசியேவுக்கு அதைச் சரி பண்ணத் தெம்பும் பணமும் இல்லை. அங்கே இருந்த இளைஞர்களிடம் கொடுத்துட்டார். அவங்க மீட்டாங்க. பல வருஷம் கழிச்சு அது பிரான்சின் லா ரோஷெல் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. முவாத்தெசியே நண்பர்கள் உதவியோட இன்னொரு படகு கட்டி, மறுபடியும் பாலினேசியாவுக்கே போனார். புதுப் படகுக்கு அவர் வச்ச பெயர் 'தமாத்தா'. தஹிதி மொழியில் அதுக்கு 'முயற்சி செய்' என்று அர்த்தம்.

அடுத்த தடவை அந்த மாதிரி வீடியோ பார்க்கும்போது ரெண்டு விஷயம் கவனிங்க. காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்குது? படகுக்குப் பின்னாடி என்ன இருக்கு? பின்னாடி திறந்த கடல் இருந்தா, அந்த ஜோடி இன்னைக்கு நல்லாத் தூங்குவாங்க. பின்னாடி அழகான தென்னை மரக் கரை இருந்தா, ரெண்டு பேரில் ஒருத்தர் முழிச்சிருப்பார்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.